தமிழ்ப்பள்ளிகளில் தொடக்க வாசிப்புத் திறன்: ஜித்ரா வட்டாரச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தொடக்கப்பள்ளிக் கல்வியின் முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு மாணவன் பெறவேண்டிய திறன்களுள் தலையாயது வாசிப்பு. கேட்டலும் பேச்சும் வீட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. வாசிப்போ கற்பிக்கப்பட்டாலன்றிப் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாக வாய்ப்பதில்லை. மூன்றாம் ஆண்டு வரையில் வாசிக்கக் கற்கும் மாணவன், நான்காம் ஆண்டு முதல் வாசித்துக் கற்க வேண்டியவனாகின்றான். அறிவியல், கணிதம், நன்னெறி முதலிய பாடங்கள் அனைத்தும் அவன் வாசிப்பை நம்பியே அமைகின்றன. தமிழ்ப்பள்ளியில் இப்பாடங்களைப் பெரிதும் தமிழ்வழிக் கற்கும் குழந்தைக்குத் தமிழ் வாசிப்பில் ஏற்படும் தடை, கல்வி முழுமைக்குமான தடையாகிவிடுகின்றது.

மலேசியப் பள்ளிகளில் மாணவர் தேர்ச்சியைக் கருதாது வயதின் அடிப்படையில் அடுத்த ஆண்டிற்கு உயர்த்தப்படுகின்றனர். எனவே, எழுத்துக்கூட்டத் தெரியாத மாணவனும் ஆறாம் ஆண்டு வரை சென்றுவிட இயலும். இந்நிலையைத் தவிர்ப்பதற்குத் தொடக்க வாசிப்பு எவ்வாறு அமைகின்றது, தமிழ் எழுத்துமுறை அதற்கு எவ்வகையில் துணைசெய்கின்றது, எங்கே இடர்தருகின்றது என்பவற்றை ஆசிரியர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். கெடா மாநிலத்தின் ஜித்ரா வட்டாரச் சூழலைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை விளக்குகின்றது.

ஜித்ரா வட்டாரமும் மாணவர் மொழிச் சூழலும்

கடாரம் எனத் தமிழர் வரலாற்றில் அறியப்படும் கெடா மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் எனத் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அமைந்த தோட்டங்களை ஒட்டித் தோன்றியவை. கூபாங் பாசு மாவட்டத்தின் தலைமையிடமான ஜித்ராவின் நிலை இதனின்று வேறானது. அலோர் ஸ்டாருக்கு வடக்கே, தாய்லாந்து எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் நெல்வயல்களுக்கு அருகே அமைந்த ஊர் இது. இங்குத் தமிழர் எண்ணிக்கை குறைவு. தமிழ்க்குடும்பங்கள் ஓரிடத்தில் செறிந்து வாழாமல் தோட்டங்களிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் பரவி வாழ்கின்றன.

தோட்ட வாழ்க்கை மாறியமையும் கருதத்தக்கது. இரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டன; குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்து, ஆயாக் கொட்டகையில் ஒன்றாக வளர்ந்து, ஒரே பேச்சுத் தமிழைப் பகிர்ந்துகொண்டு பள்ளிக்கு வந்த குழந்தைகளை மனத்திற்கொண்டு உருவான கற்பித்தல் முறைகள் இன்றைய வகுப்பறைக்கு முழுவதும் பொருந்துவதில்லை. இன்று ஆண்டு 1இல் அமரும் குழந்தைகளுள் ஒருவன் தமிழ்ப் பாலர் பள்ளியில் பயின்றவன். மற்றொருத்தி மலாய்மொழிப் பாலர் வகுப்பிலிருந்து வருபவள். இன்னொருவன் வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுபவன். மூவரும் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளை ஒரே ஆண்டில் வாசிக்கக் கற்கத் தொடங்குகின்றனர்.

மலாய்மொழியிலும் இவ்வட்டாரக் குழந்தைக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. சாலையிலும் கடையிலும் அவன் கேட்பது கெடா வட்டார மலாய். ‘பெசார்’ என எழுதப்படும் சொல் அவ்வழக்கில் ‘பெசாக்’ என்பது போல ஒலிக்கும். ஆகவே தமிழிலும் மலாயிலும் தான் கேட்கும் மொழி ஒன்றாகவும் வாசிக்கும் மொழி வேறாகவும் இருக்கும் நிலையில் அவன் பள்ளிவாழ்வைத் தொடங்குகின்றான்.

இவற்றோடு பள்ளியின் அளவும் சேர்ந்துகொள்கின்றது. 150 மாணவர்க்குக் குறைவான பள்ளிகள் ‘குறைந்த மாணவர் பள்ளிகள்’ என வகைப்படுத்தப்படுகின்றன. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுள் கணிசமானவை இவ்வகையின. எண்ணிக்கை மிகக் குறைந்த இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒருங்கிணைத்துக் கற்பிக்கும் கூட்டுவகுப்புகளும் நடைபெறுகின்றன.

வாசிப்பின் கூறுகள்

வாசிப்பு ஒரே திறன் போலத் தோன்றினும் பல திறன்களின் கூட்டாகும். 1986ஆம் ஆண்டு கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் ‘வாசிப்பு பற்றிய எளிய நோக்கு’ என்னும் கருத்தை முன்வைத்தனர். வாசித்துப் பொருளுணர்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கிவரும் விளைவு என்பது அதன் சாரம். கூட்டல் என்னாமல் பெருக்கல் என்றமை சிந்திக்கத்தக்கது. இரண்டனுள் ஒன்று சுழியமாயின் விளைவும் சுழியமே. எழுத்துக்கூட்டத் தெரிந்தும் சொற்பொருள் அறியாத மாணவனும், நன்றாகப் பேசத் தெரிந்தும் எழுத்தறியாத மாணவனும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றனர். ஆயின் அவர்களுக்கு வேண்டிய உதவி வெவ்வேறானது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை ஒலியன் உணர்வு, எழுத்து-ஒலி உறவு, சரளம், சொல்வளம், கருத்துணர்தல் என ஐந்து கூறுகளைச் சுட்டியது. இவை ஆங்கில வாசிப்பு ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டவை. தமிழுக்கு அப்படியே பெயர்த்துக்கொள்ளத்தக்கன அல்ல. ஆங்கிலத்தில் எழுத்து தனியொலியைச் சுட்டும். தமிழில் எழுத்து பெரும்பாலும் மெய்யும் உயிரும் இணைந்த ஓர் ஒலியசையைச் சுட்டும். இவ்வியல்புடைய கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக் (2007), எழுத்துகள் அனைத்தையும் கற்றுத்தேற நான்காம் வகுப்பு வரையிலும் காலம் பிடிப்பதையும், அசையுணர்வு விரைவாகவும் ஒலியனுணர்வு மெதுவாகவும் வளர்வதையும் எடுத்துக்காட்டினார். கன்னடத்திலுள்ள கூட்டெழுத்துகள் தமிழில் இல்லையாதலின் தமிழ்க் குழந்தையின் சுமை சற்றுக் குறைவு. எனினும் ஓராண்டிற்குள் எல்லா எழுத்துகளையும் முடித்துவிடலாம் என்னும் எதிர்பார்ப்பை மறுஆய்வு செய்ய இவ்வாய்வு நம்மைத் தூண்டுகின்றது.

தமிழ் எழுத்துமுறையின் இயல்பு

தமிழ் எழுத்துகள் 247 என்னும் கணக்கே பெற்றோரையும் சில வேளைகளில் ஆசிரியரையும் அச்சுறுத்துகின்றது. தொல்காப்பியர் முதலெழுத்துகள் முப்பதே எனக் கொண்டமை கற்பித்தல் நோக்கிலும் பொருள்பொதிந்தது. உயிர்மெய் 216இல் உகர, ஊகார வரிசைகளைச் சார்ந்த 36 எழுத்துகள் மட்டுமே மெய்க்கேற்ப வடிவம் மாறுவன. கு, சு, பு, ணு, து ஆகியவற்றை ஒப்பிட்டால் இது விளங்கும். அகர வரிசை நீங்கலாக எஞ்சிய எழுத்துகள் அகரமேறிய வடிவத்தோடு துணைக்கால், மேல்விலங்கு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு முதலிய சில குறிகள் சேர்ந்து உருவாகின்றன. 1978ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை முதலாகிய 13 எழுத்துகளும் இவ்வொழுங்கிற்குள் வந்தன. மலேசியப் பாடநூல்களும் இன்று அவ்வடிவங்களையே கையாளுகின்றன.

இதன் பயன் யாதெனில், மாணவன் 216 வடிவங்களை மனனம் செய்ய வேண்டுவதில்லை. குறிகளின் தொழிலை உணர்ந்தால் போதும். ‘கா’வை அறிந்தவன் துணைக்காலின் தொழிலைப் புரிந்துகொண்டானாயின், தான் முன்பு காணாத ‘ழா’வையும் வாசித்துவிடுவான். காணாத எழுத்தை அவனால் வாசிக்க முடிகின்றதா என்பதே அவன் முறையைக் கற்றானா, வடிவத்தை மனனம் செய்தானா என்பதை அறியும் சோதனை.

எனினும் இடர்ப்பாடுகள் சில உண்டு. முதலாவது, ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் மாறுபடுதல். ‘கெ’ என்பதில் மெய்யொலி முந்தி, உயிரொலி பிந்தி வருகின்றது. எழுத்திலோ கொம்பு முந்திவிடுகின்றது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. ரூமி எழுத்தில் இடமிருந்து வலமாக ஒவ்வோர் ஒலியாகக் கூட்டிப் பழகிய குழந்தை, ‘கொ’வைக் கண்டதும் ‘கெ’ என வாசித்துத் துணைக்காலைத் தனியே விட்டுவிடுவது இதனாலேயே. கொம்பு, எழுத்து, கால் ஆகிய மூன்றையும் ஒரே அட்டையில் ஒரே வடிவமாகக் காட்டிப் பழக்குதல் இதற்குத் தீர்வாகும்.

இரண்டாவது, வல்லின எழுத்துகள் இடத்திற்கேற்ப ஒலித்தல். மலாயில் கல்லைக் குறிக்கும் ‘பாத்து’, நெல்லைக் குறிக்கும் ‘பாடி’ ஆகிய இரு சொற்களும் ரூமியில் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பா’வே. மலாய்ப் பாலர் வகுப்பிலிருந்து வந்த குழந்தை, மற்றோர் ஒலிக்குரிய எழுத்து எங்கே என வினவுவது அறியாமையன்று. கூரிய ஒலியுணர்வின் அடையாளம். படம், பட்டம், அகம், அக்கம், குதி, குத்து என இணைச்சொற்களை மாறிமாறி வாசிக்கச் செய்தால், ஒற்று இரட்டிக்கும்போது வன்மையாகவும் உயிர்களுக்கிடையே தனித்து வரும்போது மென்மையாகவும் ஒலித்தலைச் செவியே உணர்ந்துகொள்ளும். விதியைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது, லகர ளகர ழகரங்களும், ணகர நகர னகரங்களும், ரகர றகரங்களும். பேச்சில் இவ்வேறுபாடுகள் மங்கிவிட்ட சூழலில் ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேறுமாறு கூறுவது பயன்தாராது. மணம், மனம், பள்ளி, பல்லி, அரை, அறை எனப் பொருளோடு இணைத்தே இவற்றை நிலைநிறுத்த இயலும்.

எழுத்துகளை அறிமுகப்படுத்தும் வரிசை

அரிச்சுவடி மரபு உயிரெழுத்து பன்னிரண்டையும் முதலில் வைத்தது. 2011ஆம் ஆண்டு ஆண்டு 1இல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக்கான தர அடிப்படையிலான கலைத்திட்டமும் எழுத்துகளை உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் என இன அடிப்படையில் வகுத்துக் காட்டுகின்றது. இலக்கண நோக்கில் இப்பாகுபாடு செம்மையானது. ஓராண்டுப் பாடத்தைத் திட்டமிடவும் ஏற்றது. ஆனால், வாசிப்பின் முதல் வாரங்களில் குழந்தைக்குத் தேவைப்படுவது ‘நான் ஒரு சொல்லை வாசித்துவிட்டேன்’ என்னும் உணர்வு. பன்னிரண்டு உயிரெழுத்துகளை மட்டும் கற்றவனால் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களுக்கு அப்பால் எதனையும் வாசிக்க இயலாது.

மாறாக, அ, ஆ என்னும் இரண்டு உயிர்களையும் ப், ம், ட் என்னும் மூன்று மெய்களையும் எடுத்துக்கொள்வோம். அ, ஆ, ப், ப, பா, ம், ம, மா, ட், ட ஆகிய பத்து வடிவங்களைக் கொண்டே அம்மா, அப்பா, மாமா, படம், பாடம், பட்டம், மடம், மட்டம், மாடம், ஆட்டம் எனப் பத்துச் சொற்கள் கிடைக்கின்றன. இகரக் குறியைச் சேர்த்தவுடன் படி, பிடி, மாடி, மாமி, பாட்டி, அம்மி, அப்படி எனச் சொற்கள் பெருகுகின்றன. மெய், உயிர்மெய், குறி ஆகிய மூன்றின் உறவும் முதல் சில வாரங்களிலேயே புலப்பட்டுவிடுகின்றது. எளிய கோடுகளாலான ட, ப, ம என்னும் வடிவங்கள் எழுதுவதற்கும் இலகுவானவை. இவ்வரிசையைக் கலைத்திட்டத்திற்கு மாற்றாகக் கொள்ளுதல் வேண்டா. அதனுள் நுழைவதற்கான வாயிலாகக் கொள்ளலாம்.

முதல் வாசிப்புப் பகுதிகள் மாணவன் அறிந்த எழுத்துகளால் மட்டுமே அமைதல் நன்று. கற்காத எழுத்துகள் மிகுந்த பகுதியைக் கொடுத்தால், அவன் படத்தைப் பார்த்து ஊகிக்கவோ தோழன் வாசித்ததை ஒப்பிக்கவோ பழகிவிடுகின்றான். இப்பழக்கம் இரண்டாம் ஆண்டு வரை வாசிப்புப் போலவே தோற்றமளித்து ஆசிரியரை ஏமாற்றக்கூடியது.

கிரந்த எழுத்துகள் பற்றியும் ஒரு சொல். ஊர்ப்பெயரான ‘ஜித்ரா’ என்பதே கிரந்த எழுத்தில் தொடங்கி, தமிழ்ச்சொற்களில் வழங்காத மெய்ம்மயக்கத்தைக் கொண்டுள்ளது. கிரந்தம் பாடவரிசையில் இறுதியில் வருவது முறையே. ஆயினும் மாணவன் தன் ஊர்ப்பெயரையும் தன் பெயரையும் முழுச்சொல்லாகக் கண்டறியப் பழகுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பறைச் சுவரில் மாணவர் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் தமிழில் எழுதப்பட்டிருத்தல், சாலைப் பலகைகளில் தமிழைக் காணாத குழந்தைக்குத் தமிழெழுத்தின் பயனை உணர்த்தும்.

பேச்சுத்தமிழும் நூல்தமிழும்

தமிழ் இரட்டை வழக்கு மொழி. ‘இருக்கு’ எனப் பேசும் குழந்தை ‘இருக்கின்றது’ என வாசிக்க வேண்டியுள்ளது. ‘வந்துச்சு’ என்பது நூலில் ‘வந்தது’ ஆகின்றது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆங்கிலக் குழந்தைக்கு, ஒலித்தவுடன் அச்சொல் தான் அறிந்ததே என்னும் தெளிவு பிறக்கும். தமிழ்க் குழந்தைக்கு அத்தெளிவு எப்போதும் கிட்டுவதில்லை. சரியாக ஒலித்தும் பொருள் புலப்படாமையால், தான் தவறாக வாசித்ததாகவே அவன் கருதிவிடக்கூடும்.

இதற்கு மருந்து செவிவழிப் பயிற்சி. நாள்தோறும் பத்து நிமிடம் ஆசிரியர் நூல்தமிழில் கதை வாசித்துக் காட்டுதல், வாசிக்கத் தொடங்கும் முன்னரே அவ்வழக்கைக் குழந்தையின் செவிக்குப் பழக்கிவிடும். கதையைப் பற்றிய உரையாடல் பேச்சுத்தமிழில் நிகழ்வதில் தவறில்லை. குழந்தை பேச்சு வழக்கில் விடையளிக்கும்போது அதனைப் பிழையெனத் திருத்தாமல், அதே விடையை நூல்வழக்கில் ஆசிரியர் மீண்டும் ஒருமுறை கூறினால் போதுமானது. வீட்டுமொழியைப் பிழையாகக் கண்ட குழந்தை வாய்திறக்கத் தயங்கும். வாய்திறவாத குழந்தையின் வாசிப்பை எவ்வாறு அறிவது?

சொற்களஞ்சியத்திலும் வட்டாரச் சூழலைப் பயன்கொள்ளலாம். வயல், வாய்க்கால், நாற்று, கொக்கு, செம்பனை, பால்மரம் முதலிய சொற்கள் இவ்வட்டாரக் குழந்தை கண்ணாற் காணும் பொருள்களுக்குரியவை. அவற்றுள் சிலவற்றை அவன் மலாய்ப் பெயரால் மட்டுமே அறிந்திருக்கலாம். அறிந்த பொருளுக்குத் தமிழ்ப்பெயர் தருவது, அறியாத பொருளையும் பெயரையும் ஒருங்கே கற்பிப்பதைவிட எளிது.

பிழைவழி அறிதல்

‘இவனுக்கு வாசிக்க வரவில்லை’ என்னும் பொதுக்கூற்று கற்பித்தலுக்கு உதவாது. எங்கே வரவில்லை என்பதே வினா. ஆசிரியர் தாமே மூன்று பகுதிகளைக் கொண்ட எளிய கருவியொன்றை உருவாக்கிக்கொள்ளலாம். முதற்பகுதியில் வரிசை மாற்றி எழுதிய இருபது எழுத்துகள். இரண்டாம் பகுதியில் பத்துச் சொற்கள், அவற்றுள் இரண்டோ மூன்றோ பொருளற்ற புனைசொற்கள். மூன்றாம் பகுதியில் ஐந்து வாக்கியங்களும் இரண்டு வினாக்களும். ஒரு மாணவனுக்கு ஐந்து நிமிடம் போதும்.

எழுத்துகளை வரிசையில் ஒப்பித்து, வரிசை மாறியதும் தடுமாறுபவன் பாட்டாகவே அவற்றை அறிந்துள்ளான். அவனுக்கு எழுத்தட்டைப் பயிற்சி வேண்டும். எழுத்தறிந்தும் சொல்லில் இடறுபவனுக்கு ஒலிகளை இணைக்கும் பயிற்சி வேண்டும். அறிந்த சொல்லை வாசித்துப் புனைசொல்லில் நிற்பவன், சொல்லின் தோற்றத்தை மனனம் செய்தவன். அவனுக்குக் குறிகளின் தொழிலைத் திரும்பக் கற்பித்தல் வேண்டும். வாக்கியத்தைத் தடையின்றி வாசித்து வினாவிற்கு விடையளிக்க இயலாதவனுக்கு எழுத்துப் பயிற்சி வீண். அவன் தேவை சொல்வளமும் கதை கேட்டலும். இந்நால்வரையும் ஒரே ‘குறைநீக்கல்’ குழுவில் அமர்த்தி அ, ஆ எழுதவைப்பது நால்வருள் மூவருக்கேனும் பயனளிக்காது.

சரளம்

எழுத்தெழுத்தாக வாசிப்பவன் வாக்கியத்தின் முடிவை எட்டுவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகின்றான். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலின் சொற்கள் நீண்டு வருவது இச்சுமையை மிகுவிக்கின்றது. ‘தோட்டத்திலிருந்து’ என்பது ஒன்பதெழுத்துச் சொல். அதனை ஒன்பது எழுத்துகளாகக் காணாமல் ‘தோட்டத்து - இல் - இருந்து’ என மூன்று பகுதிகளாகக் காணப் பழகியவன் ‘வீட்டிலிருந்து’, ‘ஊரிலிருந்து’ ஆகியவற்றை உடனே வாசிப்பான். வேற்றுமை உருபுகளையும் வினைமுற்று விகுதிகளையும் இலக்கணப் பெயர் சொல்லாமலே இரண்டாம் ஆண்டில் வாசிப்பு அலகுகளாகப் பழக்கலாம்.

ஒரே பகுதியை மூன்று நான்கு முறை உரக்க வாசித்தலும் சரளத்தை வளர்க்கும். கூட்டுவகுப்பு இதற்கு இடையூறாகத் தோன்றினும் உண்மையில் வாய்ப்பாக மாற்றத்தக்கது. மூன்றாம் ஆண்டு மாணவன் முதலாம் ஆண்டு மாணவனுக்கு வாசித்துக் காட்டும்போது இருவரும் பயன்பெறுவர். திண்ணைப்பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறையாக நாம் முன்பே அறிந்தது இது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையும், வெவ்வேறு வகுப்பு மாணவர் ஒரே அறையில் தத்தம் நிலைக்கேற்ற அட்டைகளைக் கொண்டு கற்கும் ஏற்பாட்டையே மையமாகக் கொண்டது.

மதிப்பீடும் பொறுப்பும்

தொடக்க வாசிப்பில் அரசின் கவனம் இல்லாமலில்லை. 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லினஸ் திட்டம், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டுதல் வேண்டும் என்னும் இலக்கை வகுத்தது. மலாய்மொழி எழுத்தறிவையும் எண்ணறிவையும் முதன்மையாகக் கொண்டு தொடங்கிய அத்திட்டத்தில் 2013இல் ஆங்கிலமும் இணைந்தது. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2019 முதல் படிநிலை 1இல் பள்ளித் தேர்வுகள் நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு வலியுறுத்தப்பட்டது. 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வும் முடிவுக்கு வந்தது. தமிழகத்திலும் பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளை நோக்கித் தொடங்கப்பட்டமை, இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும்.

தேர்வு நீங்கியமையால் குழந்தையின் அச்சம் குறைந்தது. அதே வேளையில் வாசிக்க இயலாமையை வெளிப்படுத்திய அடையாளங்களும் குறைந்தன. முன்பு தேர்வுத்தாள் காட்டியதை இன்று ஆசிரியரின் செவியே கேட்டறிய வேண்டும். 1986இல் ஸ்டனோவிச் விளக்கியவாறு, தொடக்கத்தில் நன்கு வாசிப்பவன் மேலும் வாசித்து மேலும் வளர்கின்றான்; பின்தங்கியவன் வாசிப்பைத் தவிர்த்து மேலும் பின்தங்குகின்றான். இவ்விடைவெளி முதல் ஆண்டில் சில எழுத்துகளின் அளவே. ஐந்தாம் ஆண்டில் அது பல நூறு சொற்களாக விரிந்துவிடும்.

ஆசிரியர் பயிற்சியும் இங்குக் கருதத்தக்கது. ஜித்ராவின் டாருலாமான், சுங்கை பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹாலிம் என இரண்டு ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் கெடாவில் உள்ளன. தமிழாசிரியர் பயிற்சியில் தமிழ் இலக்கண இலக்கியங்களுக்கு உரிய இடம் இருத்தல் போன்று, தொடக்க வாசிப்பின் ஒலியியல், பிழையாய்வு ஆகியவற்றிற்கும் தனியிடம் இருத்தல் வேண்டும். குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகளின் பதிவேடுகளைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஒருங்கே ஆராய்ந்தால், தமிழ் எழுத்துகளுள் எவை எவ்வாண்டில் நிலைபெறுகின்றன என்னும் அடிப்படைத் தரவு நமக்குக் கிட்டும்.

முடிவுரை

தமிழ் எழுத்துமுறை ஒழுங்குமிக்கது. குறிகளின் தொழிலைப் பற்றிக்கொண்ட குழந்தைக்கு விரைவாக வசப்படுவது. எனினும் மும்மொழிச் சூழல், இரட்டை வழக்கு, சிதறி வாழும் குடும்பங்கள் ஆகியவற்றிடையே வளரும் ஜித்ரா வட்டாரக் குழந்தைக்கு அவ்வொழுங்கு தானாகப் புலப்படுவதில்லை. சொல்லாகக் கூடும் எழுத்துகளை முதலில் தருதல், குறிகளை முறையாக உணர்த்துதல், நூல்தமிழைச் செவிவழிப் பழக்குதல், பிழையின் வகையறிந்து உதவுதல் ஆகிய நான்கும் பெருஞ்செலவின்றி எப்பள்ளியிலும் மேற்கொள்ளத்தக்கவை.

முப்பது மாணவரைக் கொண்ட பள்ளியில் ஒருவன் வாசிக்க இயலாமல் நிற்பது புள்ளிவிவரத்தில் சிறியது. ஆனால், அப்பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் அதைக் கொண்டே தமிழ்க்கல்வியை எடைபோடுவர். அடுத்த குழந்தையை எங்குச் சேர்ப்பது என்பதையும் அதைக் கொண்டே முடிவு செய்வர். அளவில் சிறிய பள்ளிக்கு ஒரு வலிமையும் உண்டு: அங்கு ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பையும் வாரந்தோறும் தனியே கேட்க ஆசிரியரால் இயலும். மூன்றாம் ஆண்டு முடியுமுன் ஒவ்வொரு மாணவனும் தான் முன்பு காணாத ஒரு பக்கத்தைத் தானே வாசித்துப் பொருள்கூறும் நிலையை எய்துதல் தமிழ்ப்பள்ளிகள் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டிய குறைந்தளவு இலக்காகும்.